நமேரிக்கு ஐம்பத்து மூன்று பெயர்கள்

அளவுப் பலகையில் படிந்திருந்த பாசியைக் கினுயே பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தாள். பாலத்தின் இரண்டாவது தூணில், கரையை ஒட்டிப் பதித்த பலகை. ராத்திரி மேல்மலையில் மழை கொட்டியிருக்க வேண்டும். நமேரி ஆறு கலங்கி, பச்சைப் பாறைகளின் இடுப்பு வரை ஏறி ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் ஒரு நிலையில் நிற்கவில்லை. ஒரு தரம் ஒன்று முப்பத்தாறு காட்டியது, அடுத்த தரம் ஒன்று நாற்பது. இப்படி அலையடிக்கும் நாளில் மூன்று முறை பார்த்து, நடுவில் நிற்பதை எழுத வேண்டும் என்பது அவள் கணவர் தோகுஜி வைத்த விதி. மூன்று முறை பார்த்தாள். ஒரு மீட்டர் முப்பத்தெட்டு. நோட்டில் எழுதி, பக்கத்தில் காலை 6.00 என்று குறித்துக்கொண்டாள்.

வேலை முடிந்துவிட்டது. வீட்டுக்கு ஏற நூற்றுப் பன்னிரண்டு படிகள். மேலே தோகுஜி படுத்த படுக்கையாகக் கிடந்தார். இன்றோ நாளையோ என்று டாக்டர் சொல்லி நான்கு நாள் ஆகியிருந்தது. உடனே ஏறிப் போயிருக்க வேண்டியவள், குதிரை முதுகு என்று பெயர் வைத்த பாறையின்மேல் போய் உட்கார்ந்தாள். மேலே அந்தப் பொம்பளை இருந்தாள்.

அந்தப் பொம்பளை என்றால் ஹொசோதா. பட்டணத்துப் பல்கலைக்கழகத்தில் நிலவியல் பேராசிரியையாக இருந்து இரண்டு வருடம் முன்புதான் ஓய்வு பெற்றவள். முப்பத்தொரு வருடமாக, வருடத்துக்கு இரண்டு முறை நமேரிக்கு வருகிறாள். ஆற்றுநீர் பாறையில் குடைந்த குழிகளை அளப்பது அவள் வேலை. சுழலில் மாட்டிக்கொண்ட ஒரு கல் சுற்றிச் சுற்றியே பாறையைப் பானையாகக் குடைந்துவிடும். அந்தப் பானை வருடத்துக்கு எத்தனை மயிரிழை ஆழமாகிறது என்று எழுதி வைப்பாள். அதற்குத் தினமும் எவ்வளவு தண்ணீர் ஓடியது என்று தெரிய வேண்டும். பாலத்தில் அரசாங்கம் தானியங்கிக் கருவி பொருத்திப் பதினைந்து வருடம் ஆகிறது. இனிக் கண்ணால் பார்க்க ஆள் வேண்டாம் என்று தோகுஜிக்கு ஒரு பாராட்டுப் பத்திரம் கொடுத்து விடை கொடுத்துவிட்டார்கள். அவர் பத்திரத்தைச் சுவரில் மாட்டிவிட்டு, மறுநாள் காலை வழக்கம்போலப் படி இறங்கினார். வெள்ளம் வந்தால் கருவி உளறும், டீச்சருக்குச் சரியான அளவு வேண்டும் என்றார். ஹொசோதா ஊருக்கெல்லாம் டீச்சர்.

எட்டு மாதமாக அவரால் இறங்க முடியவில்லை. கினுயேதான் காலையிலும் சாயங்காலமும் இறங்கினாள். விடிந்ததும் கண்ணைத் திறந்து அவர் கேட்கும் முதல் வார்த்தை ‘எவ்வளவு?’ என்பதுதான். தூங்கினாயா, கால் வலிக்கிறதா என்றெல்லாம் கிடையாது. அவள் எண்ணைச் சொல்வாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு அதைக் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ‘ம்’ என்பார். மாதக் கடைசியில் அத்தனை எண்களையும் ஓர் அஞ்சலட்டையில் பொடி எழுத்தில் எழுதி, கீழே அவர் பெயரைப் போட்டு, ஹொசோதாவின் முகவரிக்கு அனுப்புவதும் அவள்தான். புருஷன் பெயரில் இன்னொருத்திக்கு மாதா மாதம் கார்டு போடுகிற பெண்டாட்டி இந்தத் தேசத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன் என்று தபால் பெட்டி முன்னால் நிற்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வாள்.

அளப்பதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். பெயர் வைத்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. பாலத்திலிருந்து அணைக்கட்டு வரை ஆறரைக் கிலோமீட்டர். ஊர்க்காரர்களிடம் ஏற்கெனவே இருபது இருபத்தைந்து பெயர்கள் இருந்தன. ஏழு சட்டி, பிக்கு வழுக்கிய பாறை, மருமகள் தாண்டாத கல். மிச்சத்துக்கு இவர்கள் இரண்டு பேரும் பெயர் வைத்தார்கள். கோடைக்கால மாலைகளில் கூடத்துப் பாயில் வரைபடத்தை விரித்துப் போட்டுக்கொண்டு, கினுயே வெட்டிக் கொடுத்த தர்பூசணியைத் தின்றுகொண்டு, இது நன்றாக இருக்கிறதா, அது நன்றாக இருக்கிறதா என்று குழந்தைக்குப் பெயர் தேடுவதுபோலத் தேடுவார்கள். கினுயேவுக்கும் தோகுஜிக்கும் குழந்தை பிறக்கவில்லை. பெயர் தேடுகிற சந்தர்ப்பமே அவளுக்கு வாய்த்ததில்லை. ஏதாவது ஒரு பெயர் பிடித்துப்போய் இருவரும் சேர்ந்து சிரிக்கும்போது சமையலறையில் அவளுக்கு வயிறு எரியும். மொத்தம் ஐம்பத்து மூன்று பெயர்கள் ஆயின. வரைபடம் அச்சாயிற்று, கரையெங்கும் பெயர்ப் பலகைகள் நட்டார்கள், சுற்றுலா வருகிறவர்கள் பலகைகளின் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு நாள் அவர் கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தபோது விளையாட்டாகக் கேட்பதுபோலக் கேட்டாள், ஒரு வாய்க்காலுக்காவது என் பெயரை வைத்திருக்கக் கூடாதா என்று. வைத்தால் போகிறவன் வருகிறவன் எல்லாம் கூப்பிடுவான், அது வேண்டாம் என்றார் அவர், நிமிராமலே. நல்ல சமாளிப்பு என்று நினைத்துக்கொண்டு கினுயே சிதறிய நகங்களைப் பெருக்கி அள்ளினாள்.

நேற்றுச் சாயங்கால பஸ்ஸில் ஹொசோதா வந்து இறங்கினாள். தோகுஜியின் தங்கை தோமியே போன் பண்ணி வரவழைத்திருக்கிறாள். கினுயேவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரவு கீழ்த்தெருவில் தோமியே வீட்டில் தங்கியவள் இன்று காலை ஐந்தரைக்கே வாசலில் வந்து நின்றாள். தோகுஜி தூங்கிக்கொண்டிருந்தார். மூச்சு விட்டு விட்டு வந்தது. இன்றைக்கு அவர் ‘எவ்வளவு?’ என்று கேட்கக்கூட இல்லை. கினுயே ரப்பர் பூட்ஸை எடுப்பதைப் பார்த்து ஹொசோதா தாழ்ந்த குரலில் சொன்னாள்:

“இன்னைக்கு நான் போய்ப் பாத்துட்டு வர்றேன் அக்கா. நீங்க அவர் பக்கத்துல இருங்க.”

அக்காவாம். யாருக்கு யார் அக்கா? எட்டு மாதமாகக் கினுயேவிடம் இருந்தது அந்த எண் ஒன்றுதான். அவர் கண்ணைத் திறந்ததும் சொல்வதற்கு அவளிடம் வேறெதுவும் இல்லை. அதையும் இவளிடம் விட்டுவிட்டால், இவள் வந்து சொல்ல, அவர் இவளைப் பார்த்து ‘ம்’ என்பார். அதை அவள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

“அது என் வேலை,” என்றாள். “நீங்க உக்காருங்க. உங்களுக்குள்ள பேச எவ்வளவோ இருக்கும்.”

கினுயே படி இறங்கினாள்.

இப்போது குதிரை முதுகின்மேல் உட்கார்ந்து, இரண்டு தலைகளும் குனிந்து பேசிக்கொண்டிருப்பதை மனசுக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் விழித்திருப்பார். டீச்சர் வந்திருக்கிறாள் என்றதும் அந்த வறண்ட முகத்தில் ஒரு வெளிச்சம் வந்திருக்கும். அந்த வெளிச்சம் இருக்கும்போது உள்ளே நுழைய அவளுக்கு இஷ்டமில்லை. பேசட்டும், ஆசை தீரப் பேசி முடிக்கட்டும் என்று வீம்புக்கு உட்கார்ந்திருந்தாள். கால் மரத்துப்போன பிறகுதான் எழுந்தாள். முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

கடைசி வளைவில் நிமிர்ந்தபோது வேலிப் பக்கம் ஹொசோதா நின்றுகொண்டிருந்தாள். காலில் செருப்பு இல்லை. காலுறையோடு ஈர மண்ணில் நின்றாள். கினுயேவுக்குப் புரிந்துவிட்டது. மிச்சமிருந்த படிகளை அவசரப்படாமல் ஏறினாள்.

“எப்போ?”

“ஆறு இருபதுக்கு.”

ஆறு இருபதுக்குக் கினுயே பாறையின்மேல் உட்கார்ந்திருந்தாள். எண் எப்போதோ எழுதியாகிவிட்டது.

டாக்டர் வந்து பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். தலை வடக்கே இருக்கும்படி படுக்கையைத் திருப்பிப் போட்டார்கள். முகத்தின்மேல் வெள்ளைத் துணி போட்டார்கள். தோமியே ஒரு கிண்ணத்தில் சோற்றைக் குவித்து, நடுவில் சாப்பிடும் குச்சிகளைக் குத்தித் தலைமாட்டில் வைத்தாள். தோமியேவின் மகன் ஷும்பேய் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்து போன் பேசிக்கொண்டிருந்தான். ஊர் ஒவ்வொருவராக வரத் தொடங்கியது. வந்தவர்கள் எல்லோரும் குனிந்து வணங்கிவிட்டுக் கேட்டது ஒரே கேள்விதான்: கடைசி நேரத்தில் பக்கத்தில் யார் இருந்தது?

பதில் சொல்கிற வேலையைத் தோமியே எடுத்துக்கொண்டாள். டீச்சர் கையைப் பிடித்தபடி இருந்தார், அண்ணன் தனியாகப் போகவில்லை, அண்ணி ஆற்றுக்குப் போயிருந்தார் என்று அட்சரம் மாறாமல் சொன்னாள். கேட்டவர்கள் ‘நல்லவேளை’ என்றார்கள். நல்லவேளை டீச்சர் இருந்தாரே என்று ஹொசோதாவின் பக்கம் திரும்பி நன்றியோடு குனிந்தார்கள். ஒவ்வொரு நல்லவேளையும் கினுயேவின் மேல் வந்து விழுந்தது. அவள் முகத்தை வைத்த இடத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஆட்கள் குறைந்ததும் தோமியே பக்கத்தில் வந்து முழங்காலிட்டாள்.

“கேக்கறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க அண்ணி. அஞ்சு நிமிஷ வேலைதானே அது? ஏன் அவ்வளவு நேரம்?”

“தண்ணி அலையடிச்சுது. திரும்பத் திரும்பப் பாக்க வேண்டியிருந்துது.”

அந்த எட்டு மாதத்தில் ஆற்றைப் பற்றி அவள் சொன்ன முதல் பொய் அது. ஹொசோதா சமையலறையிலிருந்து திரும்பிப் பார்த்தாள். அலையடித்தாலும் மூன்று முறைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று அந்த வீட்டில் தெரிந்த இன்னொருத்தி அவள்தான். மறுபடி தேநீர்க் கோப்பைகளைக் கழுவத் தொடங்கினாள். கழுவி, துடைத்து, ஒருவரையும் கேட்காமல் சரியான அலமாரியில் சரியான வரிசையில் அடுக்கினாள். முப்பத்தொரு வருடத்தில் அவளுக்கு இந்த வீட்டுக் கோப்பைகள்கூடப் பழகிவிட்டிருந்தன. கினுயேவுக்கு எழுந்து போய் அத்தனையையும் இறக்கி வேறு வரிசையில் அடுக்க வேண்டும்போல இருந்தது.

கையைப் பிடித்துக்கொண்டிருந்தாளாம். எந்தக் கையை? அவர் விழித்திருந்தாரா? ஏதாவது சொன்னாரா? நாற்பத்து நான்கு வருடம் கூட வாழ்ந்தவளுக்கு இதெல்லாம் தெரிந்தே ஆக வேண்டும். தெரிந்துகொள்ள ஒரே வழி அவளைக் கேட்பது. என் புருஷன் கடைசியாக என்ன சொன்னார் என்று இன்னொரு பெண்ணிடம் கையேந்தி நிற்பதா? அதற்கு அந்தத் தண்ணீரில் விழலாம். கினுயே கேட்கவில்லை. ஹொசோதாவும் தானாக வந்து சொல்லவில்லை. கினுயே இருக்கும் அறைக்குள் வருவதையே தவிர்த்தாள். நேருக்கு நேர் பட்டுவிட்டால் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். ஏதோ இருக்கிறது, அதை மடியில் கட்டிக்கொண்டு அலைகிறாள் என்பது மட்டும் கினுயேவுக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது.

மதியம் கோயிலிலிருந்து பிக்கு வந்தார். சூத்திரம் ஓதி முடித்துத் தேநீர் குடித்துவிட்டு, இறந்தவருக்குச் சூட்ட வேண்டிய புத்த நாமத்தைப் பற்றிப் பேச்செடுத்தார். அவர் வாழ்ந்த வாழ்க்கையைக் காட்டும் ஒரு சொல்லாவது அதில் இருக்க வேண்டும். கல்லறையில் அதைத்தான் வெட்டுவார்கள்.

“இதுல யோசிக்க என்ன இருக்கு சாமி? நதினு போட்டுடுங்க,” என்றாள் தோமியே. “எங்க அண்ணனுக்கு வேற என்ன தெரியும்?”

“நதி வேண்டாம்,” என்றாள் கினுயே.

பிக்கு கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, அப்படியானால் கல் என்று வைக்கலாமா என்று கேட்டார். கல் ஹொசோதாவுடையது. அதுவும் வேண்டாம் என்றாள். வேறு என்னதான் பிடிக்கும் அவருக்கு என்று பிக்கு பொறுமையாகக் கேட்டார். கினுயே யோசித்தாள். கோதுமை நூடுல்ஸை உறிஞ்சும் சத்தம் பிடிக்கும். நாக்கு வெந்துபோகிற சூட்டில் தேநீர் பிடிக்கும். குளித்துவிட்டு வந்து துண்டோடு அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்கும். இதையெல்லாம் கல்லறையில் வெட்ட முடியாது.

“மழை,” என்றாள் கடைசியில். மழை பெய்தால் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நெடுநேரம் நிற்பார் என்று சொன்னாள். பிக்குவுக்குப் பிடித்துவிட்டது. நல்ல சொல், மழை, என்று குறித்துக்கொண்டார். பின்வரிசையில் ஹொசோதா மெல்லத் தலையாட்டியதைப் பார்த்ததும்தான் கினுயேவுக்கு உறைத்தது. மழை பெய்தால் ஆறு ஏறும். அவர் ஜன்னலில் நின்றது அதற்காகத்தான். வாய் தவறி அந்தச் சனியன் பிடித்த ஆற்றுக்கே அவரை எழுதிக் கொடுத்துவிட்டோம் என்று தோன்றியது.

சாயங்காலம் சுவர்க் கடிகாரம் ஆறு அடித்தது. கினுயே நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தாள். அறையின் மறுபக்கம் ஹொசோதாவும் அதே நேரம் நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. மற்றவர்கள் சுஷி எத்தனை தட்டு சொல்வது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். தோகுஜி அந்த வேலையில் சேர்ந்த முப்பத்தெட்டு வருடத்தில் முதல் தடவையாக அன்று சாயங்காலம் நமேரியின் மட்டத்தை யாரும் போய்ப் பார்க்கவில்லை.

மறுநாள் பெட்டியில் வைத்தார்கள். அவரோடு போக வேண்டியவற்றை ஒவ்வொருவரும் கொண்டுவந்து உள்ளே வைத்தார்கள். தோமியே அவருடைய வைக்கோல் தொப்பியை வைத்தாள். ஷும்பேய் ஒரு சிகரெட் பாக்கெட்டை வைத்தான். கினுயே அவருடைய பருத்திக் கிமோனோவை மடித்துக் கால்மாட்டில் வைத்தாள். வேறு என்ன வைப்பது என்று தெரியவில்லை. அப்போது ஹொசோதா ஒரு சுருளோடு வந்து நின்றாள். பெயர்கள் எழுதிய அந்த வரைபடத்தின் முதல் பிரதி. ஐம்பத்து மூன்று பெயர்களும் தோகுஜியின் கையெழுத்தில் இருந்தன. மழையில் நனையாமலிருக்க இருபுறமும் பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டியிருந்தது.

“இதை அவர்கூட அனுப்பலாமா அக்கா?”

கினுயே அதைக் கையில் வாங்கி, ஓரத்தைத் தடவிப் பார்த்தாள்.

“பிளாஸ்டிக் வைக்கக் கூடாது. சுடுகாட்டுல திருப்பி அனுப்பிடுவாங்க. உருகி எலும்புல ஒட்டிக்கும்.”

விதி உண்மையிலேயே அதுதான். ஷும்பேய்கூட ஆமாம் என்றான். விதி உண்மையாக இருந்ததில் கினுயேவுக்கு ஏற்பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. ஹொசோதா ஒரு கணம் நின்றாள், உறையைப் பிரித்துவிடலாமா என்று பார்த்தாள், பிரித்தால் பெயர்கள் கிழிந்துவிடும். மறுபடி சுருட்டிக்கொண்டு போய்ச் சுவரோரம் உட்கார்ந்தாள். அவள் முதுகு கூனியிருந்ததைக் கினுயே அப்போதுதான் கவனித்தாள். அறுபத்திரண்டு வயது. பாறைகளில் குனிந்து குனிந்தே வளைந்த முதுகு.

அன்று மாலை அஞ்சலிச் சடங்கின் வரிசையில் தோமியே ஹொசோதாவைக் குடும்பத்தார் பக்கத்தில் உட்கார வைத்தாள். கினுயே எழுந்து போய், அது உறவுக்காரர்கள் இடம் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள். ஹொசோதா மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பின்னால் போனாள். தோமியே கினுயேவை முறைத்தாள். கினுயே சாம்பிராணித் தூளை மூன்று விரலால் எடுத்துத் தணலில் போட்டாள்.

மூன்றாம் நாள் ஆற்றோரப் பாதையிலேயே நாற்பது நிமிடம் வண்டியில் போனார்கள். ஒவ்வொரு வளைவிலும் ஒரு பெயர்ப் பலகை. சுடுகாடு கீழ்ப் பட்டணத்தில், மூங்கில் காட்டுக்கு நடுவில் இருந்த சுத்தமான கட்டடம். இரும்புக் கதவு மூடியதும் எல்லோரும் கும்பிட்டார்கள். ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றார் வெள்ளைக் கையுறை போட்ட ஊழியர். காத்திருக்கும் அறையில் டப்பாச் சோறும் பீரும் வந்தன. தோகுஜி ஒருமுறை பிக்குவையே ஆற்றில் தள்ளிவிட்ட கதையைத் தோமியே சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். கினுயே எழுந்து வெளியே வந்தாள்.

மூங்கில்களைப் பார்த்தபடி கிடந்த பெஞ்சில் ஹொசோதா உட்கார்ந்திருந்தாள். கினுயேவைக் கண்டதும் எழுந்தாள். இந்தத் தடவை கண்ணைத் தாழ்த்தவில்லை.

“உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும் அக்கா. முதல் நாளே சொல்லியிருக்கணும்.”

கினுயே நின்றாள். உட்காரவில்லை.

“அவர் முழிச்சார். நீங்க போய்க் கால் மணி நேரம் இருக்கும். நான் அப்பதான் சமையலறையில துணியை நனைச்சுப் பிழிஞ்சுக்கிட்டு வந்து அவர் கையைப் பிடிச்சேன். அவருக்குக் கண்ணு தெரியலைன்னு நெனைக்கிறேன். கூரையைப் பாத்துக்கிட்டே பேசினார்.”

“என்ன சொன்னார்?”

கேட்டே விட்டாள். கேட்டதும் வெட்கமாகக்கூட இல்லை.

“‘கினு’ன்னார். ‘கை ஐஸா இருக்கு பாரு. ஆறு எங்க ஓடிடப் போவுது? இன்னைக்கு ஒரு நாள் போகாத. இங்கயே இரு’ன்னார்.”

மூங்கில்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டன. உள்ளே யாரோ பீர் புட்டியைத் திறந்தார்கள்.

“நீங்க என்ன சொன்னீங்க?”

“சரின்னேன்.” ஹொசோதா தன் உள்ளங்கையைப் பார்த்தாள். “நான் வேற யாருன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. உங்க பேருக்கு நான் சரின்னேன். அவர் கையை இறுக்கிக்கிட்டார். அப்புறம் பேசலை.”

கினுயே பெஞ்சில் உட்கார்ந்தாள். நாற்பத்து நான்கு வருடமாக அவள் கேட்கக் காத்திருந்த வார்த்தை அது. போகாதே, இங்கேயே இரு. அது சொல்லப்பட்டுவிட்டது. பதிலும் சொல்லப்பட்டுவிட்டது. இரண்டுக்கும் நடுவில் அவள் இல்லை. அவள் அப்போது அவர்மேல் கோபமாக ஒரு பாறையில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சரியை நான் சொல்லியிருக்க வேண்டும் என்று நினைத்தாள். ஒரு சொல். அதைக்கூட இவள் எடுத்துக்கொண்டாள்.

“மூணு நாளா ஏன் சொல்லலை?”

ஹொசோதா கையிலிருந்த கைக்குட்டையை நான்காக மடித்தாள், பிரித்தாள்.

“முப்பத்தோரு வருஷம் அக்கா. அவர் என்கிட்டப் பேசினதெல்லாம் கல்லும் தண்ணியும்தான். என் கை ஜில்லுனு இருக்கா, சூடா இருக்கானு ஒரு நாள் பாத்ததில்லை. மழையில நனைஞ்சு வந்து நிப்பேன், ‘குழியில எவ்வளவு ஆழம் டீச்சர்?’னுதான் கேப்பார். அந்தக் குரல் அவர்கிட்ட இருக்குன்னே எனக்குத் தெரியாது. அது உங்களுக்கு வந்ததுதான். எனக்கு அது நல்லாத் தெரியும். இருந்தாலும் ரெண்டு நாள் வெச்சுக்கலாம்னு ஆசையா இருந்துது. உங்களைப் பாத்தா பொறாமையா இருந்துது. எப்பவுமே இருந்துது.”

கினுயே அவளைப் பார்த்தாள். நன்றாக, நேராக, முப்பத்தொரு வருடத்தில் முதல் தடவையாகப் பார்த்தாள். தர்பூசணித் தட்டோடு கூடத்துக்குப் போய்த் திரும்பிய அத்தனை மாலைகளிலும் இவள் எதைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள் என்று முதன்முறையாக யோசித்தாள். உள்ளே போய் மீனைப் புரட்டு, கிமோனோவை மாற்று, தேநீர் கொண்டா என்று அவர் போட்ட அதட்டல்களை எல்லாம் இவள் கேட்டிருக்கிறாள். அவருக்குத் துண்டு எடுத்துக் கொடுத்ததைப் பார்த்திருக்கிறாள். சாயங்கால பஸ்ஸுக்கு இவள் கிளம்பும்போது, கதவைச் சாத்துகிறவளாகக் கினுயே உள்ளே நின்றிருக்கிறாள். மனசின் மூலையில் கேவலமாக ஒரு சந்தோஷம் எழுந்தது. அது எழுந்த வேகத்திலேயே அடங்கியும் போயிற்று. இரு என்று அவர் சொன்னபோது இருந்தவள் இவள். அதை யாராலும் இனி மாற்ற முடியாது. மன்னிக்கவும் தோன்றவில்லை, திட்டவும் தோன்றவில்லை. ஹொசோதாவும் அதே பெஞ்சின் மறுஓரத்தில் உட்கார்ந்தாள்.

“தண்ணி அலையடிச்சுதுன்னு தோமியேகிட்டச் சொன்னேன்,” என்றாள் கினுயே கடைசியில். “பொய். உங்க மேல இருந்த கோவத்துல உக்காந்திருந்தேன்.”

“தெரியும்,” என்றாள் ஹொசோதா.

ஊழியர் வந்து எல்லோரையும் கூப்பிட்டார்.

உலையிலிருந்து வெளியே இழுத்த தட்டு இன்னும் அனலடித்தது. வெள்ளை எலும்புகள் படுத்திருந்த வாக்கிலேயே கிடந்தன. கால் பக்கத்திலிருந்து தொடங்கிக் கடைசியில் தலைக்கு வர வேண்டும், அப்போதுதான் எலும்பைச் சேர்த்து வைக்கும் ஜாடிக்குள் அவர் நிமிர்ந்து இருப்பார் என்றார் ஊழியர். ஓர் எலும்பை இரண்டு பேர் சேர்ந்து, இரண்டு ஜோடிக் குச்சிகளால் ஒரே சமயத்தில் தூக்க வேண்டும். நெருங்கியவர்கள் முதலில். கினுயே ஒரு ஜோடியை எடுத்துக்கொண்டாள். எதிர்ப்பக்கத்தில் தங்கை என்ற உரிமையில் தோமியே குச்சிகளோடு வந்து நின்றாள்.

“நீ அடுத்து எடு தோமியே,” என்றாள் கினுயே.

தோமியேவுக்குப் புரியவில்லை. கினுயே அவள் கையிலிருந்த குச்சிகளை மெதுவாக வாங்கி, வரிசையின் கடைசியில் சுவரோடு ஒட்டி நின்றவளை நோக்கி நீட்டினாள். ஹொசோதா முன்னால் வந்தாள்.

பாதத்து எலும்பு ஒன்றைக் கினுயே ஒரு பக்கம் பிடித்தாள். மறுபக்கம் ஹொசோதாவின் குச்சிகள் இரண்டு முறை நழுவின, மூன்றாம் முறை பிடித்தன. இரண்டு பேரும் சேர்ந்து தூக்கினார்கள். அது எதிர்பார்த்ததைவிட லேசாக இருந்தது. ஜாடியின் வாய்க்கு மேலே கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

“இப்ப விடலாம்,” என்றார் ஊழியர்.

எலும்பு அங்கேயே நின்றது. அவர் கொஞ்சம் பொறுத்து, இன்னொரு முறை சொன்னார். இரண்டு பேரும் விடவில்லை.